துருத்தியின் மூக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஆற்றுக்கு நடுவில் நிற்கிற திட்டுக்குத் தமிழில் துருத்தி, அரங்கம், ஆற்றிடைக்குறை என்றெல்லாம் பெயர் உண்டு. சின்னத் துருத்தி ஒன்றைப் பூங்காவாக்கப் போகிறோம் என்றால் ஊஞ்சல் எங்கே, புல்தரை எங்கே என்றுதான் பேச்சு தொடங்கும். தொடங்க வேண்டிய இடம் மேல்முனை, தண்ணீர் வந்து மோதுகிற மூக்கு. அங்கே மண் கரையும். அதில் ஒரு பங்கு கீழ்முனையில் படியும். அப்படியே விட்டால் திட்டே மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்துவிடும்.

கடற்கரையில் நின்றிருப்பீர்கள். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் நழுவும், கால் புதையும். மூக்கில் நெட்டுக்குத்தாகச் சிமெண்டுச் சுவர் எழுப்பினாலும் இதேதான். மோதிய தண்ணீர் கீழே பாய்ந்து அடிமண்ணைத் தோண்டும். சுவரில் கீறல்கூட விழாமல் மொத்தமாக முன்னே கவிழும். வெள்ளம் சட்டென்று வடிந்தாலோ, ஊறிய மண் பின்னாலிருந்து தள்ளும். வெள்ளத்தைத் தாங்கிய சுவர் வெள்ளம் போனபிறகு சாய்வது இதனால்தான்.

சுவருக்குப் பதில் கரையைச் சரித்துவிடுங்கள்: ஓரடி உயரத்துக்குக் கிடைவாக்கில் இரண்டடி. முதலில் சரளை, அதன்மேல் பெரிய உடைகல். சரளை இல்லாவிட்டால் கல் இடுக்கு வழியே ஆறு மண்ணை உறிஞ்சிவிடும். உருண்டைக் கல் உருண்டு போகும். உடைகல்தான் ஒன்றையொன்று கவ்வும். அடியில், படுகையின்மேலும் கூடுதலாகக் கல் பரப்புங்கள். படுகை அரிக்க அரிக்க அந்தக் கல் தானே சரிந்து பள்ளத்தை மூடும். செலவைக் குறைக்க முதலில் இதில்தான் கைவைப்பார்கள். திரும்பவும் சொல்கிறேன், அடிக்கல்லில் மட்டும் கைவைக்காதீர்கள்.

கல் முடிகிற இடத்துக்கு மேலே வெட்டிவேர், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக. நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 சென்டிமீட்டர் போதும். வேர் 3 மீட்டர்வரை நேரே இறங்கும். ஆனால் அதற்கு நிழல் ஆகாது. நிழல் விழுந்த இடத்தில் வரிசை பொத்தலாகி, தண்ணீர் அங்கேதான் நுழையும். ஆகவே பெரிய மரங்கள் திட்டின் உள்ளே இருக்கட்டும், கரையோரம் நாணல் போதும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் மரத்தின்மேல் தள்ளுவிசை நான்கு மடங்காகும். கரையோர மரம் சாய்ந்தால் கரையையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். சுருக்கமாக: பாலத்துக்குத் தூண் குறைவாக இருக்கட்டும், மிதந்துவரும் மரங்கள் சிக்கி அடைத்துவிடும். கழிப்பறைக்கு உறிஞ்சுகுழி கூடாது; மூடிய தொட்டி, கரைக்கு எடுத்துப்போய்க் காலிசெய்வது. தண்ணீர் தொட்டதும் எல்லோரும் வெளியேற வேண்டிய எச்சரிக்கைக் கோடு ஒன்றைத் தூணில் போடுவீர்கள்; பாலம் மூழ்கும் மட்டத்தில் அதைப் போடாதீர்கள். கடைசி ஆள் கரையேற எத்தனை நிமிடம் என்று நடந்து பாருங்கள். அதற்குள் தண்ணீர் எவ்வளவு ஏறுமோ, மூழ்கும் மட்டத்திலிருந்து அவ்வளவுக்கும் கீழே போடுங்கள். வணக்கம்.