காடு கை மாறிய ஆண்டு
(கூடலூர் கூட்டத்தில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் பந்தலூரிலிருந்து வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வழக்கறிஞர் பெருமக்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர்களே, மைக் செட் கொடுத்த தம்பியே, கொழுந்து எடுத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1976-இல் வந்த 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன். நாடாளுமன்றம், நீதிமன்றம், காடு.

‘யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்’ என்பார்கள். பலா மரத்துக்கு யானை வந்தால் நாம் தகரம் தட்டுகிறோம். இந்தத் திருத்தம் அசையாமல் தின்றது. நெருக்கடி நிலை, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. மக்களவையின் ஆயுளை ஐந்திலிருந்து ஆறு ஆண்டாக்கினார்கள். 1978-இல் 44-ஆவது திருத்தம் அதைப் பழையபடி ஐந்தாக்கியது. திருத்தங்களை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்று போட்ட பூட்டை 1980-இல் உச்ச நீதிமன்றத்தின் மினர்வா மில்ஸ் தீர்ப்பு உடைத்தது. அதை வழக்கறிஞர் ஐயா விரிவாகப் பேசுவார்.

காடு மட்டும் திரும்பவில்லை. மாநிலம் சட்டம் போடும் மாநிலப் பட்டியலில் இருந்த காடும் கல்வியும், மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்கு அன்று போயின. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதியே மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். காடு கை மாறியபோது தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை! வேண்டாம் என்று சொல்ல நமக்கு ஆள் இல்லை.

அப்புறம் 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு நிலத்தை வேறு வேலைக்குக் கொடுக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பணியர் பழங்குடி மக்கள் வாழும் பாடிக்கு, அந்தச் சின்னக் குடியிருப்புக்கு, தேவைப்பட்டது மூன்று மின்கம்பம்.

அங்கே ஒரு பாட்டி. பேரன் பத்தாவது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்துவிட்டுக் காலையில் மூக்குக்குள் கரியோடு பள்ளிக்குப் போவான். பாட்டியோடு நானும் ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தேன். போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு காகிதம் குறையும். ஆறாவது முறை பாட்டி தலையில் ஒரு பலாப்பழம். “எதுக்குப் பாட்டி இது?” என்றேன். “வெளிச்சம் குடுக்கப் போற மனுசனப் பாக்க வெறுங்கையோட போலாமா?” என்றார். அதிகாரி, “எங்க கையில ஒண்ணும் இல்லம்மா, டெல்லி சொல்லணும்” என்றார். பாட்டி பழத்தை இறக்கி வைக்கவே இல்லை. “சரி, டெல்லிக்கு எந்த பஸ் சார்?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தப் பழத்தை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு பாடிக்கே திரும்பினோம்.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும். அந்தப் பையனின் படிப்பைக் கோப்பு அசையாமல் தின்றது.

காடு மாநிலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். அதுவரை கையில் இருப்பதை விடக் கூடாது. 2006-இன் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). ஒரு ஹெக்டேருக்குக் குறைவான இடம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராமசபை பரிந்துரைத்தால் மின்கம்பி, சாலை, குடிநீர், பள்ளி எதற்கும் டெல்லி வரை போக வேண்டாம். அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மான நோட்டில் அந்தப் பரிந்துரை வரி ஏறும்வரை யாரும் எழுந்திருக்காதீர்கள். மாதிரி மனு நூறு படி எடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பாடிக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.