படப்புத்தகத்தில் யார் ஓடுகிறார்கள், யார் சும்மா நிற்கிறார்கள்?

(திரையில்: விரித்த படப்புத்தகம். ஒரு சின்ன விரல் படத்தில் இருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகிறது.)

நியூயார்க்கில் ஒரு மழலையர் பள்ளி. ஐந்து வயது கறுப்பினச் சிறுமி ஒருத்தி படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "ஏன் எப்பவும் வெள்ளைக் குழந்தைங்களாவே இருக்காங்க?"

1965இல் 'சாட்டர்டே ரிவ்யூ' என்ற அமெரிக்க இதழில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. கேள்வியைக் கேட்டு உருகிவிட்டு அவர் நகரவில்லை. உட்கார்ந்து எண்ணினார். 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளிவந்த 5,206 சிறுவர் புத்தகங்கள். அவற்றில் கறுப்பினத்தவர் ஒருவராவது தென்பட்டவை 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. அதிலும் அன்றைய அமெரிக்காவில் வாழ்ந்த கறுப்பினத்தவரின் கதை என்று சலித்தால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

(திரையில்: அடுக்கடுக்காகப் புத்தகங்கள். ஒன்றிரண்டைத் தவிர மற்ற அட்டைகள் மங்குகின்றன.)

"குழந்தைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது? நாமதான் நிறம், இனம்னு பேசிக் கெடுக்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மாதக் கைக்குழந்தையே, தான் தினமும் பார்க்கும் மனிதர்களைப் போன்ற முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறந்த சிசுவிடம் இது இல்லை. அதாவது, பார்க்கப் பார்க்கப் பழகுகிறது. அந்தப் பழக்கத்துக்குப் புத்தகமும் தீனி போடுகிறது.

1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற ஆய்வாளர் இதற்கு ஓர் உவமை சொன்னார். புத்தகம் சில நேரம் ஜன்னல். அடுத்தவர் வாழ்க்கை தெரியும். சில நேரம் நகர்த்தித் திறக்கும் கண்ணாடிக் கதவு, உள்ளேயே போய்விடலாம். வெளிச்சம் சரியாக விழுந்தால் அதே ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியும் ஆகும். இந்த உவமையை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கூடவே அவர் சொன்ன இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் தன் முகம் மட்டுமே தெரியும் குழந்தைக்கும் இதில் நஷ்டம் உண்டு. உலகமே தன்னைச் சுற்றித்தான் என்று அது நினைத்துக்கொள்ளும்.

(திரையில்: வெள்ளைப் பனி. நடுவே சிவப்பு உடையில் ஒரு சிறுவன்.)

இப்போது ஒரு புத்தகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்த 'தி ஸ்நோவி டே', 1962. பீட்டர் என்ற சிறுவன் காலையில் எழுகிறான். வெளியே பனி. சிவப்பு உடையை மாட்டிக்கொண்டு இறங்குகிறான். கால் விரலை உள்ளே திருப்பி ஒரு நடை, வெளியே திருப்பி ஒரு நடை. ஒரு குச்சியால் மரத்தைத் தட்ட, தலையில் பொத்தென்று பனி விழுகிறது. வீடு திரும்பும்போது ஓர் உருண்டை பிடித்து, நாளைக்கு ஆகும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான்.

பீட்டர் கறுப்பினச் சிறுவன். ஆனால் கதையில் ஒரு வரிகூட அதைச் சொல்வதில்லை.

வரைந்தவர் பின்னணியும் இதில் கலந்திருக்கிறது. கீட்ஸ், போலந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயரில் இருந்த 'காட்ஸ்', யூத வெறுப்புக்கு நடுவே 'கீட்ஸ்' ஆனது. 1940இல் 'லைஃப்' இதழில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் புகைப்படங்களை வெட்டி எடுத்து வைத்திருந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த முகம்தான் பீட்டர் ஆனது. 1963இல் இந்தப் புத்தகத்துக்குக் கால்டிகாட் பதக்கம், அமெரிக்காவில் படப்புத்தக ஓவியத்துக்குத் தரும் பெரிய விருது.

எல்லோரும் கை தட்டிவிடவில்லை. அதே நான்சி லாரிக், அதே கட்டுரையில் பீட்டரின் அம்மா மீது கை வைத்தார். பளிச்சென்ற மஞ்சள் கட்டம் போட்ட உடையில், பெருத்த உருவமாக அம்மாவைக் கீட்ஸ் வரைந்திருக்கிறார். கறுப்பினப் பெண் என்றாலே வேலைக்காரியாக வரையும் பழைய அச்சு இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்பது லாரிக் சொன்ன குறை. கீட்ஸ் வருந்தினார், பதிலும் எழுதினார். எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிகிறது. முகத்தை வரைந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. உடை, நிற்கும் விதம், யார் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார் என்பது வரை குழந்தை படிக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில் படம்தானே அதற்கு எழுத்து?

(திரையில்: உலக உருண்டையைச் சுற்றிக் கை கோத்து நிற்கும் குழந்தைகள். ஆளுக்கொரு உடை, ஆளுக்கொரு கொடி.)

இந்த மாதிரிப் பக்கத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கெட்ட எண்ணத்தில் செய்தது இல்லை. ஆனால் உற்றுப் பாருங்கள். இந்தக் குழந்தைகள் எதுவுமே செய்யவில்லை. விழுவதில்லை, அடம் பிடிப்பதில்லை, யாரையும் ஏமாற்றப் பார்ப்பதில்லை. அருங்காட்சியகத்தில் வைத்த மாதிரி நிற்கிறார்கள். அந்த நாட்டுக் குழந்தை ஒன்று இதைப் பார்த்தால், "நான் என்னைக்கு இப்படி உடுத்தினேன்?" என்றுதான் கேட்கும்.

அதனால் ஒரு படப்புத்தகம் கைக்கு வந்தால் நான் முதலில் வினைச்சொற்களைத் தேடுவேன். யார் ஓடுகிறார்கள், யார் சும்மா நிற்கிறார்கள்? சிக்கலை அவிழ்ப்பது யார், நன்றி சொல்வது மட்டும் யார் வேலை? சக்கர நாற்காலியில் வரும் சிறுமிக்குக் கதையில் ஏதாவது வேண்டியிருக்கிறதா, இல்லை மற்றவர்கள் நல்லவர்கள் என்று காட்டத்தான் வந்தாளா? அப்புறம், நிறம். மாநிறம் என்றதும் பத்துப் பேருக்கும் ஒரே பழுப்புச் சாயத்தைத் தடவியிருந்தால், வரைந்தவர் யாரையும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

காலம் மாறிவிட்டது என்பீர்கள். மாறியிருக்கிறது, ஆனால் மெதுவாக. அமெரிக்காவில் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் சிறுவர் புத்தக மையம் 1985இல் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, அந்த ஆண்டு வந்த ஏறக்குறைய 2,500 புத்தகங்களில் கறுப்பினப் படைப்பாளிகளுடையவை 18. 2018 கணக்கில், பாதிப் புத்தகங்களில் முதன்மைப் பாத்திரம் வெள்ளையர். 27 சதவீதத்தில் விலங்குகளும் பொருள்களும். கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பூர்வகுடிகள் எல்லோரையும் கூட்டினால் மிச்சம் 23. கரடிக்கும் முயலுக்கும் கிடைத்த இடம் இவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்தே கிடைக்கவில்லை.

(திரையில்: மடியில் குழந்தை. புத்தகம் பீட்டரின் பக்கத்தில் நிற்கிறது.)

நல்ல புத்தகம் கிடைத்துவிட்டது, வாசிக்கிறீர்கள். பாதியில் குழந்தை கேட்கும்: "இவன் ஏன் கறுப்பா இருக்கான்?" நம் கை தானாக அதன் வாயைப் பொத்தப் போகும். "உஷ், அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று அடக்கினால், அந்த நிறத்தில் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்பதை நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. கேட்டது சாதாரணக் கேள்வி. சாதாரணமாகவே பதில் சொல்லலாம்: "தோலுக்குள்ள மெலனின்னு ஒண்ணு இருக்கு. சிலருக்கு நிறைய இருக்கும், சிலருக்குக் கொஞ்சமா இருக்கும். அவன் அம்மா அப்பாவுக்கு நிறைய, அதான் அவனுக்கும். உன் தோல்லயும் இருக்கு, பாரு."

அது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். பார்த்து முடிக்கட்டும். பிறகு பக்கத்தைப் புரட்டுங்கள். பீட்டர் சட்டைப் பைக்குள் கையை விடப் போகிறான், உருண்டையைக் காணோம்.