கடலில் போனவர்களின் பெயர், கரையில் நிற்கும் கல்

நேயர்களுக்கு வணக்கம்.

1971 டிசம்பர் 9ஆம் தேதி இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில், ஐ.என்.எஸ். குக்ரி என்ற நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி டார்பிடோ வீசி மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், ஆக 194 பேர் போய்விட்டார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதனுடனேயே போனார். இறப்புக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. கப்பலை யாரும் மேலே எடுக்கவில்லை. அந்தக் குடும்பங்கள் போய் ஒரு பூப் போடலாம் என்றால், போட ஒரு சமாதி கிடையாது.

அதனால்தான் டையூவில் கடலைப் பார்த்த மேட்டில் நினைவிடம் கட்டினார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரி நிற்கிறது. அதே பெயரில் பின்னால் வந்த இன்னொரு குக்ரி 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றபோது, அந்தக் கப்பலையும் டையூவுக்கே கொடுத்தார்கள்.

ராமநாதபுரம் கரையில் கடற்படை நமக்கு அந்நியம் இல்லை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. கடலில் உயிர் விட்டவர்களுக்கு ஊரில் ஒரு கல் வைக்க வேண்டும் என்று முன்வருபவர்களும் இங்கே உண்டு. அவர்களுக்காகத்தான் இன்றைய உரை. வடிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நங்கூரமா, தூணா, கப்பல் பொம்மையா என்பது அப்புறம். முதலில் பெயர்கள். உடல் கிடைக்காதவருக்குப் பெயர் வெட்டிய இடம்தான் சமாதி.

பெயர் இல்லாமல் கல் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கல்கத்தாவில் 1924இல் திறந்த லஸ்கர் நினைவுத்தூண், முதல் உலகப்போரில் இறந்த 896 கப்பல் தொழிலாளர்களுக்கானது. தூண் கம்பீரமாக இருக்கிறது. கல்வெட்டில் இருப்பதோ எண்ணிக்கை மட்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தப் போருக்கு வைத்த பலகைகளும் அப்படித்தான்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். யார் அந்த இத்தனை பேர் என்று பேரன் வந்து கேட்டால் கல்லுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டாம் உலகப்போரில் இறந்த இந்தியக் கடற்படை, வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறக்குறைய 6,500 பேரின் பெயர்களை ஒரு நினைவுப் புத்தகத்தில் எழுதி, ஒரு பிரதியை மும்பை மாலுமிகள் இல்லத்திலும் இன்னொன்றைச் சிட்டகாங் போர்க்கல்லறையிலும் வைத்திருக்கிறார்கள். கல்லே இல்லாவிட்டாலும் அது எனக்கு மேலாகத் தெரிகிறது.

பெயர்ப்பட்டியல் எடுப்பதில்தான் பிழை அதிகம் நுழையும். கடற்படைப் பதிவு ஆங்கிலத்தில் இருக்கும். அதில் 'கே' என்று ஒரு முன்னெழுத்து இருந்தால், தகப்பனார் காளிமுத்தாகவும் இருக்கலாம், குமரேசனாகவும் இருக்கலாம். க, கா, கு, கோ எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே எழுத்துதான். ஆகவே தகப்பனார் பெயரைக் கேட்காமல் முன்னெழுத்தைத் தமிழில் வெட்டக் கூடாது. முனியசாமியா முனுசாமியா, செய்யதுவா சையதுவா, அந்தோணியா அந்தோனியா என்பதைக் குடும்பத்தாரைக் கேட்டு, அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பதவி, பணி எண், கப்பலின் பெயர், இறந்த தேதி ஆகியவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகச் சரிபார்க்கலாம். வெட்டுவதற்கு முன் முழு அளவில் காகிதத்தில் அச்சிட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கல்லில் விழுந்த பிழையைத் திருத்த அந்தப் பலகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அடுத்தது கல். இந்தக் கரையின் பழைய கட்டடங்களில் பவளக்கல் இருக்கும். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்று அதை எப்படிக் குடைந்திருக்கிறது என்று. பவளப்பாறையை இப்போது எடுப்பதும் குற்றம். கறுப்பு கிரானைட்டே நல்லது. நினைவிடம் சின்னதாக இருந்தாலும் பலகை 40 மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும்.

எழுத்தை வண்ணத்தால் எழுதாதீர்கள், தங்க முலாம் பூசாதீர்கள். வெயிலும் உப்பும் சேர்ந்தால் ஓரிரு ஆண்டில் உரிந்துவிடும். கணினி ஒளிக்கதிரில் மேலாகச் சுரண்டிய எழுத்தும் வேண்டாம். வெட்டு 3 மில்லிமீட்டர் ஆழம், எழுத்து 25 மில்லிமீட்டர் உயரம், இதற்குக் குறையக் கூடாது. தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ண, ஞ, ஜ போன்றவற்றைச் சிறிதாக வெட்டினால் சுழிக்குள் நிற்கும் கல் பொட்டு பெயர்ந்து, எழுத்தே குழியாகிவிடும். புள்ளியை இன்னும் கவனிக்க வேண்டும். வெட்டுகிறவர் அதை உளி முனையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். உப்புத்தூசி முதலில் அடைப்பது அந்தக் குழியைத்தான். புள்ளி மறைந்தால் 'கண்ணன்' என்பவர் 'கணணன' ஆகிவிடுவார். புள்ளிக்கும் மற்றக் கோடுகளின் ஆழமே இருக்க வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பீடம் பெரும்பாலும் விரிசல் விடுவது கம்பியால். துருப்பிடித்த இரும்பு இரண்டு மடங்குக்கும் மேல் பருத்துக் காரையை வெளியே தள்ளும். ஆள் உயரத்துக்குக் குறைந்த பீடத்துக்குக் கம்பியே வேண்டாம், முழுக் கருங்கல் கட்டே போதும். கம்பி போட்டே ஆக வேண்டும் என்றால், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறபடி, அலைத் தெறிப்பு விழும் இடத்தில் கான்கிரீட் எம்35 தரம், கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் மூடல். கடல் ஏறி இறங்கும் ஓத மட்டத்தில் எம்40, 75 மில்லிமீட்டர். கடல் மணல் கூடாது. கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவும் இதைத் தாண்டும். சோதித்துப் பார்த்து, தேவையானால் லாரித் தண்ணீர் வாங்குங்கள். கான்கிரீட் இறுகப் பத்து நாள் நனைப்பதற்கும் அதே நல்ல தண்ணீர்தான். கலவைக்கு நல்ல தண்ணீர் சேர்த்துவிட்டு, நனைக்க உப்புத் தண்ணீர் ஊற்றினால் பட்ட பாடு வீண்.

பலகையைப் பிடிக்கும் ஆணியும் கொக்கியும் 316 வகை எவர்சில்வர். கடையில் எளிதாகக் கிடைக்கும் 304 இங்கே சீக்கிரமே பழுப்புக் கறை விடும், அந்தக் கறை பெயர்களின் மேல் வழியும். பலகைக்கும் பலகைக்கும் 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசையால் அடையுங்கள். சிமெண்ட் வைத்து இறுக்கினால் வெயிலில் கல் விரிய இடமில்லாமல் மூலை தெறிக்கும்.

திசைக்கும் வருவோம். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாப் பக்கத்து மணலை வாரி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் தெறிப்பும் பாக் நீரிணைப் பக்கமிருந்து வரும். அந்த இரண்டு முகத்திலும் பெயர்களை வைக்காமல், தென்கிழக்கையோ வடமேற்கையோ பார்த்து வையுங்கள். இடத்தைத் தீர்மானிக்கும் முன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி தேவையா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அடித்தளம் போட்ட பிறகு கேட்பது பெரும் சிக்கல்.

நங்கூரம் வைக்க ஆசைப்பட்டால் ஒன்று சொல்கிறேன். கடலில் கிடந்த இரும்புக்குள் உப்பு ஊறியிருக்கும். மேலே வண்ணம் அடித்தால் சில மாதத்தில் செதில் செதிலாகப் பொரியும். பல முறை நல்ல தண்ணீர் மாற்றி ஊறப்போட்டு, மணல் வீச்சில் வெளுத்த இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்து, அன்றைக்கே துத்தநாக எபாக்சி முதல் பூச்சு, அதன்மேல் எபாக்சி, கடைசியில் பாலியூரித்தேன் பூச வேண்டும். தரையில் படுக்க வைக்காமல் இரண்டு கல் கட்டையின்மேல் வைத்தால் அடியில் தண்ணீர் தேங்காது.

பராமரிப்புக்கு அதிகச் செலவில்லை. மாதம் ஒருமுறை முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி மணலை இறக்கிவிட்டு, அப்புறம்தான் மெத்தென்ற தூரிகை. உலர்ந்த துணியால் துடைத்தால் மணலே கல்லைக் கீறும். ஆசிட் அறவே வேண்டாம். நம் ஆட்கள் அன்பால் சந்தனம், எண்ணெய் பூசுவார்கள். அது எழுத்தில் தங்கித் தூசியை இழுக்கும். அந்த அன்பைத் தடுக்க வேண்டியதில்லை. பலகைக்கு முன்னால் ஓர் அடி தள்ளி விளக்குக்கும் மாலைக்கும் தனியாக ஒரு கல் போட்டுவிடுங்கள்.

பட்டியலின் கீழே நான்கைந்து வரி இடத்தை வெட்டாமல் விடுங்கள். கல் திறந்த பிறகுதான், எங்கள் சித்தப்பா பெயர் இல்லையே என்று வெளியூரில் குடியேறிய குடும்பம் வந்து நிற்கும். முதல் பட்டியலின் எழுத்து வடிவமும் அளவும் உள்ள தாளை ஊராட்சியில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்று பத்திரப்படுத்தினால், அவர் பெயரும் மற்றவர்கள் பெயரைப் போலவே அதே எழுத்தில், அதே ஆழத்தில் ஏறும்.

நன்றி, வணக்கம்.