பாஸ்போர்ட்டின் கீழே இருக்கும் மூன்று எழுத்து

வணக்கம் மக்களே! போன இரண்டு வீடியோவிலும் புலம்பித் தீர்த்தேனே, அந்தப் புது பாஸ்போர்ட் இன்று காலை கைக்கு வந்துவிட்டது. இதோ பாருங்கள், எண்ணை மட்டும் விரலால் மறைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் போட்டோ கதையை முடித்துவிடுகிறேன், நிறைய பேர் அதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறீர்கள். ஐந்து தடவை திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை இடது காதுக்குப் பின்னால் நிழலாம். அடுத்த தடவை மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம். கண்ணாடியைக் கழற்றினால் மறுபடியும் நிழல். கடைசியில் பிடிபட்டது என்னவென்றால், சுவரை ஒட்டி நிற்கவே கூடாது, முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு அடியாவது விட்டு, ஜன்னலைப் பார்த்து நின்று, தலைக்கு மேலே எரிகிற விளக்கை அணைத்துவிட வேண்டும். அவ்வளவுதான், நிழல் போயே போச்சு! படம் ஏற்கப்பட்டது என்று செய்தி வந்ததும் நான் கத்திய கத்தலில் வீடே அதிர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சந்தோஷத்தோடு தோழிக்குப் போன் பண்ணினால், "அது வெறும் காகிதம்தானே, மனசு எங்கே இருக்கோ அதுதான் நம்ம ஊர்" என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனால் இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. காகிதம் கையில் இருப்பவர்களால் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும்.

இங்கே பாருங்கள், போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் நெருக்கமாக இரண்டு வரி. வரிக்கு 44 இடம். இரண்டாவது வரியில் முதல் ஒன்பது இடம் பாஸ்போர்ட் எண்ணுக்கு, பத்தாவது அந்த எண் சரியா என்று சரிபார்க்கும் இலக்கம், 11 முதல் 13 வரை நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதற்கான குறியீடு. எல்லா நாட்டு பாஸ்போர்ட்டிலும் இதே வரிசைதான். எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காத ஒருவருக்குப் பயண ஆவணம் கொடுத்தால் அந்த இடத்தில் 'எக்ஸ் எக்ஸ் ஏ' என்று அடிப்பார்கள். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இந்த மூன்று எழுத்தை என்னால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

1948-ல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 15-வது பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் எந்த நாடு கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள்.

அப்புறம் நாட்டெபோம் என்பவரின் வழக்கு. ஜெர்மனியில் பிறந்தவர், 1905-ல் குவாத்தமாலாவுக்குப் போய் அங்கேயே தொழில் செய்து வாழ்ந்தவர். 1939-ல் லீக்டென்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் குடியுரிமையை வாங்கிக்கொண்டு குவாத்தமாலாவுக்கே திரும்பினார். இரண்டாம் உலகப் போர் நடந்த 1943-ல் குவாத்தமாலாக்காரர்களே அவரை ஜெர்மன்காரர், எதிரி நாட்டவர் என்று பிடித்து அமெரிக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். லீக்டென்ஸ்டைன் சர்வதேச நீதிமன்றம் போனது. அவருக்கும் அந்த நாட்டுக்கும் உண்மையான பிணைப்பு இல்லை, அதனால் அந்தக் குடியுரிமையைக் குவாத்தமாலா ஏற்க வேண்டியதில்லை என்று 1955-ல் தீர்ப்பு. சரி, பிணைப்புதான் முக்கியம் என்றால், முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த மண்ணோடு அவருக்கு இருந்தது என்ன? அது எந்தக் கணக்கிலும் வரவில்லையே! அதைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடடா, ஒன்றை விட்டுவிட்டேன், 15-வது பிரிவு பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தந்தையைப் போலத் தாயால் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. தகப்பன் யார் என்று பதிவாகவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு எந்த நாடும் இல்லாமல் போகலாம். பெற்றவள் பக்கத்திலேயே நிற்கிறாள்! இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

என் விஷயம் உங்களுக்குத் தெரியும், பிறந்தது ஒரு நாடு, பதினோரு வருடமாக இருப்பது வேறு நாடு. போன தேர்தலன்று பக்கத்து வீட்டில் இருவரும் ஓட்டுப் போடப் போனார்கள், அவர்கள் கைக்குழந்தை என் மடியில் தூங்கியது. எந்தப் பள்ளிக்கூடம் திறக்கும், எந்தப் பேருந்து நிற்கும் என்பதை அன்று தீர்மானித்தவர்களில் நான் இல்லை. வரி நானும் கட்டுகிறேன், மழை வந்தால் எந்த முனையில் தண்ணீர் தேங்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பி வந்ததும் அந்த அம்மா குழந்தையை வாங்காமல், "இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள், உன்னிடம்தான் நன்றாகத் தூங்குகிறான்" என்றாள். அந்த நேரத்தில் நான் அந்த ஊர்க்காரிதான். நாளைக்கே ஏதாவது ஒன்று என்றால், அவள் சொன்னதைக் காட்டி என்னால் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. இரண்டும் எனக்கு வேண்டும், ஒன்றைக் காட்டி இன்னொன்றை விடச் சொல்லாதீர்கள்.

உங்கள் பாஸ்போர்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் எடுங்கள், இரண்டாவது வரி, பத்து இடம் தள்ளி எண்ணுங்கள்.