முதலில் பாட்டு, அப்புறம்தான் மௌத் ஆர்கன்

வணக்கம். மேசையில் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்து நான் கடை போட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் சொந்தச் சாமான். மூன்று மௌத் ஆர்கன், நான்கு டின் விசில், ஒரு ஒக்கரினா, ரெக்கார்டர் என்ற ஊதுகுழல் ஒன்று, அப்புறம் யாரோ பரிசாகக் கொடுத்த ஒரு கஸூ. நீள விசில் ஒன்றைத் தவிர மொத்தமும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

"சின்னதாக ஏதாவது ஊதக் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், எதை வாங்கட்டும், எந்த பிராண்டு?" இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. நான் திருப்பி ஒன்று கேட்பேன். எந்தப் பாட்டை வாசிக்க ஆசை? பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று சிலருக்குக் கோபம்கூட வருகிறது. நழுவவில்லை. கீபோர்டு என்றால் எந்தப் பாட்டாக இருந்தாலும் எல்லா ஸ்வரமும் விரலுக்கு அடியில் இருக்கும். இந்தப் பெட்டியில் கிடப்பவை அப்படி இல்லை. பெரும்பாலானவை ஏதோ ஒரு ஸ்வரத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும். உங்கள் பாட்டுக்கு வேண்டிய ஸ்வரம் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் சண்டை இல்லை.

இதோ, முதலில் இந்த பத்துத் துளை மௌத் ஆர்கன். டயடானிக் என்பார்கள். பத்துத் துளை, இருபது ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோகத் தகடு. ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு ஸ்வரம், மூச்சை உள்ளே இழுத்தால் இன்னொன்று. இது C, நம் சுருதிக் கணக்கில் ஒரு கட்டை. எந்தத் துளையில் ஊதினாலும் ச, க, ப மூன்றில் ஒன்றுதான் வரும். அதனால்தான் குழந்தை கையில் கொடுத்தாலும் காதுக்கு இனிமையாகக் கேட்கிறது. தப்பாக ஊத இடமே இல்லாத மாதிரி ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. நடுவில் 4 முதல் 7 வரைதான் ஏழு ஸ்வரமும் முழுதாகக் கிடைக்கும். கீழே 1, 2, 3-இல் மவும் தவும் கிடையாது. மேலே போனால் நி கிடையாது. மோகனம் வாசித்துப் பாருங்கள். ச ரி க ப த. நடுவில் அழகாக வரும். மேலேயும் வரும், அந்த ராகத்துக்கு நி வேண்டாமே. கீழே வந்தால் ச, ரி, க, ப வரை சரி, த வேண்டிய இடத்தில் வெறும் காற்று. புதிதாக வாங்கியவர் தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். ஸ்வரமே அங்கே இல்லை.

ஆனால் இழுத்து வளைத்து எடுக்கலாம். பெண்ட் என்பார்கள். மூன்றாவது துளையில் மூச்சை இழுத்தபடி நாக்கின் பின்பகுதியைத் தாழ்த்தினால் நி அப்படியே சரிந்து தவுக்கு வரும். கேளுங்கள்... சரியாக நிற்கவில்லை, இன்னொரு தடவை... ஆம், இதுதான். ஒரே அறைக்குள் ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் சேர்ந்து இருப்பதால் நடக்கும் வேலை இது. இரண்டு ரீடும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. ப்ளூஸ் என்ற அமெரிக்க இசையை வாசிப்பவர்களின் அழுகை முழுக்க இதில்தான் இருக்கிறது.

அவர்கள் இன்னொரு தந்திரமும் செய்வார்கள். C மௌத் ஆர்கனில் C-யை சவாக வைக்காமல் G-யை, அதாவது ஐந்து கட்டையை சவாக வைத்துக்கொள்வார்கள். கிராஸ் ஹார்ப் என்று பெயர். நமக்கு இது கிரகபேதம்தான். சங்கராபரணத்தின் பவை சவாக்கினால் ஹரிகாம்போஜி வரும் அல்லவா, அதேதான். அதே கருவியில் D-யை சவாக்கினால் கரகரப்பிரியா. பாட்டு கரகரப்பிரியா சாயலில் இருந்தால் "என்னிடம் இருக்கும் மௌத் ஆர்கனில் வராது" என்று ஒதுக்கிவிடாதீர்கள், ஒரு ஸ்வரம் தள்ளி ஆரம்பித்துப் பாருங்கள்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கியது இது இல்லை, இதோ இந்த நீளமானது. 24 துளை. பத்தைவிட 24 பெரியதுதானே என்ற கணக்கு. கடைக்காரரும் "இதில் எல்லாம் வரும் சார்" என்றார். வாங்கி வந்து மாதக்கணக்கில் பெண்ட் செய்து பார்த்தேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம். இது ட்ரெமலோ. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ரீடு, ஒன்று மற்றதைவிடத் துளி சுருதி கூட. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது அந்த அலை அலையான நடுக்கம் வருகிறது. ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் தனித்தனி அறையில் இருப்பதால், ஒன்று மற்றதை இழுக்க வழியே இல்லை. நான் சாவித் துளையே இல்லாத கதவைச் சாவி போட்டுத் திறக்கப் பார்த்திருக்கிறேன்.

ட்ரெமலோ மட்டம் என்று சொல்லவில்லை. மெதுவான நாட்டுப்புற மெட்டு, தாலாட்டு மாதிரிப் பாட்டுகளுக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இந்த நடுக்கத்தை நம்பியே ஒரு பாட்டைத் தூக்கி நிறுத்திவிடலாம். வேண்டியது அதுதானா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

பக்கத்தில் பொத்தான் வைத்தது குரோமாடிக். 12 துளை, பொதுவாக 48 ரீடு. பொத்தானை அழுத்தினால் எல்லாம் அரை ஸ்வரம் ஏறும். பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் கிடைக்கும், ஆகவே சினிமாப் பாட்டை மெட்டு மாறாமல் வாசிக்க வேண்டும் என்பவர்கள் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். ஆனால் விலை கூட, பராமரிப்பும் கூட. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் இருக்கும். குளிர்ந்த கருவியில் மூச்சின் ஈரம் படிந்து அவை ஒட்டிக்கொள்ளும். கையில் சற்று நேரம் பொத்திச் சூடாக்கிவிட்டு ஊத வேண்டும். முதல் கருவியாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

பிராண்டு கேட்டீர்களே. ஹோனர், ஜெர்மனியில் ட்ரொஸிங்கனில் 1857-இல் தொடங்கியது. அவர்களுடைய மரீன் பேண்ட் 1896-இலிருந்து வருகிறது. பெரும் ப்ளூஸ் கலைஞர்கள் எத்தனையோ பேர் வாசித்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் நடுவில் இருப்பது மரம். சீப்புப் பல் மாதிரி இருப்பதால் அந்தப் பகுதியை கோம்ப் என்பார்கள். மேல்பூச்சு இல்லாத மரம் எச்சில் பட்டால் ஊறி உப்பும், உதட்டில் உரசும். எனக்கு அந்த மரத்தின் வாசனை பிடிக்கும், அது வேறு விஷயம். புதியவர் பிளாஸ்டிக் கோம்ப் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஹோனரிலேயே ஸ்பெஷல் 20 அப்படித்தான். மூடித் தகடு ஆணி அடித்ததா, ஸ்க்ரூ போட்டதா என்றும் பாருங்கள். ஸ்க்ரூ என்றால் பின்னால் திறந்து சுத்தம் செய்யலாம்.

வாங்கியதும் ஒரு பயம் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது துளையில் மூச்சை இழுத்தால் சத்தம் வராது, அல்லது அடைத்த மாதிரி முனகும். நான் "ரீடு போய்விட்டது" என்று கருவியைத் திருப்பிக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் சின்னத் துருத்தி ஒன்றை வைத்து அழுத்தினார். கணீரென்று வந்தது. ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். குறை என் தொண்டையில்தான். வாயை இறுக்கி, சக்தியெல்லாம் போட்டு உறிஞ்சினால் அப்படித்தான் ஆகும். கொட்டாவி விடுவது போலத் தொண்டையைத் திறந்து மெதுவாக மூச்சை இழுங்கள், வந்துவிடும்.

கட்டை விஷயத்தில் குழம்பாதீர்கள். ஒரு டயடானிக் என்றால் அடிப்படையில் ஒரு சுருதி. தனியாகக் கற்றுக்கொள்ள C போதும், பாடங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். வீட்டில் ஒருவர் பாட, நீங்கள் கூட வாசிக்கப் போகிறீர்கள் என்றால், பாடுபவரின் கட்டையை முதலில் கேளுங்கள். G கனமாக, தாழ்வாக இருக்கும். F ஷார்ப் நாலரைக் கட்டை, மேல் துளைகளில் காதைக் கிழிக்கும்.

சரி, விசில். எனக்கு இந்தப் பெட்டியில் செல்லப்பிள்ளை இதுதான். இங்கிலாந்தில் ராபர்ட் கிளார்க் 1843-இல் தகரத்தை உருட்டிச் செய்து விற்கத் தொடங்கிய சங்கதி. ஆறு துளை, ஓர் அடி நீளம். புல்லாங்குழலில் உதட்டை எங்கே வைப்பது என்று வாரக்கணக்கில் தவிப்போமே, அந்தத் தொல்லை இல்லை. காற்றுக்கு வழியை வாய்ப்பகுதியே போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஊதினால் சத்தம் வரும். மேல் ஸ்தாயிக்கு விரலை மாற்ற வேண்டாம், சற்று அழுத்தி ஊதினால் போதும்.

D விசில் வாங்குங்கள், இரண்டு கட்டை. எல்லாத் துளையையும் மூடினால் ச, ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணம். மேலிருந்து முதல் துளையைத் திறந்து இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டும் மூடினால் நி இறங்கும், ஹரிகாம்போஜி ஆகிவிடும். மூன்று துளையை மூடிய G-யை சவாகக் கொண்டு, மற்றதை மாற்றாமல் ஏறினால் கல்யாணி! இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்த நாளில் வீட்டில் ஒருவரையும் தூங்க விடவில்லை நான்.

மௌத் ஆர்கனில் இல்லாத ஒன்று விசிலில் உண்டு. துளை திறந்திருக்கிறது, விரல் உங்களுடையது. விரலை மெல்ல உருட்டி விலக்கினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். கமகம் வேண்டும் என்பவருக்கு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். தோடி மாதிரி அரைத்துளை வேலை நிறைய வேண்டும் ராகத்தைத் தொட்டால் மட்டும் விரல் கெஞ்சும்.

விசிலில் குழாய் பித்தளையா அலுமினியமா என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம். ஒலியைத் தீர்மானிப்பது வாய்ப்பகுதியும் குழாயின் உள் அகலமும்தான். உள்ளே குறுகலாக இருந்தால் மேல் ஸ்தாயி சுலபம், காற்றும் குறைவாகச் செலவாகும். அகலமாக இருந்தால் கீழ் ஸ்தாயி கனமாக வரும், மேலே போகத் தம் பிடிக்க வேண்டும். கூம்பாகச் சுருட்டிய கிளார்க் பாணி விசிலில் காற்று கலந்த, கொஞ்சம் மூச்சிரைத்த ஒலி வரும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்கு அதுதான் பிடிக்கும். மலிவான விசில்களில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, முடிந்தால் நான்கை ஊதிப் பார்த்து எடுங்கள். தலைப்பகுதி நகருமா என்றும் பாருங்கள். நகர்ந்தால் சுருதி சேர்க்கலாம். ஒட்டிக்கொண்டிருந்தால் தலையை மட்டும் வெந்நீரில் சற்று நேரம் வைத்துத் திருகினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

இந்தப் பெரியது லோ D, ஒரு ஸ்தாயி கீழே. ஒலியைக் கேட்டு மயங்கி வாங்கினேன். துளைகள் தூரம் தூரமாக இருப்பதால் விரல் நுனியால் மூட முடியாது, நடுக்கணுவால் மூட வேண்டும். கை சின்னதாக இருப்பவர்கள் முதல் கருவியாக இதன் பக்கம் போக வேண்டாம்.

ஒக்கரினா. மண்ணில் செய்தது, பார்த்தால் வாத்து மாதிரி. பெயருக்கே இத்தாலிய மொழியில் குட்டி வாத்து என்றுதான் அர்த்தம். பூத்ரியோ என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் ஜுசெப்பே தொனாத்தி இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இது குழல் இல்லை, பானை. குழலில் துளை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். இதில் எவ்வளவு பரப்பு திறந்திருக்கிறது என்பதே கணக்கு. அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயிக்குத் தாவாது, சுருதிதான் ஏறி அபஸ்வரமாகும். கீழ் ஸ்வரத்துக்கு மூச்சைக் குறைத்து, மேலே போகப் போகக் கூட்ட வேண்டும். பன்னிரண்டு துளை ஒக்கரினாவில்கூட இரண்டு ஸ்தாயி முழுதாக எட்டாது. பாட்டின் கீழ்க்கோடியும் மேல்கோடியும் அதற்குள் அடங்குமா என்று பாடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பொம்மைக் கடையில் தொங்கும் ஒக்கரினாவில் பெரும்பாலும் சுருதியே இருக்காது, அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

ரெக்கார்டர் வாங்குபவர்களுக்கு ஒரே வரி. விரல் வைக்கும் முறை இரண்டு வகை, அதில் ஜெர்மன் ஃபிங்கரிங் வேண்டாம், பரோக் என்று போட்டதை எடுங்கள். முதல் வாரம் ஜெர்மன் சுலபமாகத் தெரியும், அப்புறம் மற்ற ஸ்வரங்கள் சுருதி விலகும். கஸூ ஊதும் கருவியே இல்லை, அதற்குள் பாட வேண்டும். உங்கள் குரலைத்தான் அது கரகரவென்று திருப்பித் தரும்.

பராமரிப்பும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட வாயோடு மௌத் ஆர்கன் தொடாதீர்கள், வாயைக் கொப்பளியுங்கள். ஊதி முடித்ததும் துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் நாலு தட்டு. விசிலில் எச்சில் அடைத்தால், காற்று வெளியேறும் சன்னலை விரலால் மூடிக்கொண்டு ஒரு ஊது. மௌத் ஆர்கனை மட்டும் நண்பருக்கு இரவல் கொடுக்காதீர்கள். நட்பு எவ்வளவு நெருக்கம் என்றாலும் எச்சில் எச்சில்தான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். விண்வெளியில் முதலில் ஒலித்த கருவி எது தெரியுமா? 1965 டிசம்பரில் ஜெமினி 6 கலத்தில் வால்லி ஷிர்ரா ஒளித்து எடுத்துப்போன மௌத் ஆர்கன். வெறும் நான்கு துளை. வாசிக்கப் போவது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு என்று முடிவு செய்திருந்தார், அதற்கு நான்கே போதுமாக இருந்தது.

சரி, இதே மோகனத்தை மூன்றிலும் வாசிக்கிறேன், எது உங்களுக்கு ஒத்து வரும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் விசில், அப்புறம் C மௌத் ஆர்கன் நாலாவது துளையிலிருந்து, கடைசியில் ஒக்கரினா. ஒக்கரினா மேல் கவோடு நின்றுவிடும், அதற்கு மேல் அதனிடம் ஸ்வரம் இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள்.