ஏட்டுச் சுரைக்காயும் கொட்டகைக் கறியும்

விழாத் தலைவர், என் தமிழாசிரியர் ஐயா அவர்களே! எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே! ஈரோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் வாசக நண்பர்களே! மைக்குக்கும் நாற்காலிக்கும் வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்ட பந்தல்கார அண்ணன் அவர்களே! முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கண்ணுகளே! எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். எட்டாம் வகுப்பில் எனக்கு ரகரம் றகரம் பிரித்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர். இன்றைக்கும் ‘கறி’ என்று எழுதும்போது ஐயா பின்னால் நின்று பார்க்கிறார் என்று கை கொஞ்சம் நிதானிக்கும். தலைவர் அம்மாவும் எனக்குப் புதியவர் இல்லை. அவருடைய அப்பாரு காலத்தில்தான் நம் ஊருக்குக் கிளை நூலகம் வந்தது. அந்த நூலகத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

‘புத்தகமும் படமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். முதலில் நாவல், அடுத்து காமிக்ஸ், அப்புறம் நாடகம்.

எங்கள் அப்பாவுக்குப் பிடித்த பழமொழி, ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’. நான் கையில் கதைப் புத்தகம் எடுத்தால் போதும், இதைச் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தட்டுப் போடப் போகச் சொல்வார். அறுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்தப் பழமொழியோடு நான் வழக்குப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறியாகி, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தவன் நான்.

சொல்கிறேன். என் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை என்றால் உயிர். ராத்திரி சோறு உண்டதும் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துவிட்டு, “படி சாமி” என்பாள். நூலகத்தில் எடுத்து வந்த ‘மலைக்கள்ளன்’ நாவலை அப்படித்தான் அவளுக்கு நான் வாசித்துக் காட்டினேன். ஒரு மாசத்துக்கு மேலே ஆயிற்று. பக்கத்து வளவுப் பெண்கள் நாலைந்து பேரும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நான் தூக்கத்தில் ஒரு பத்தியைத் தாண்டினால் அம்மிச்சி கண்டுபிடித்துவிடுவாள். “நடுவுல என்னமோ உட்டுப்போட்டயே, மறுக்காப் படி” என்பாள்.

நாவல் முடிந்து கொஞ்ச நாளில் அதே ‘மலைக்கள்ளன்’ எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. பழைய படம்தான், தேய்ந்த ரீல்தான். எம்.ஜி.ஆர். படம் என்பதால் வண்டி கட்டிக்கொண்டு கூட்டம் வந்துவிட்டது. அம்மிச்சி, நான், வளவுப் பெண்கள், எல்லோரும் பெண்கள் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்தோம். சாமி பாட்டு முடிந்தது, விளக்கை அணைத்தார்கள், படம் ஓடுகிறது. எம்.ஜி.ஆர். முகம் தெரிந்ததுதான் தாமதம், அம்மிச்சி எழுந்து நின்று, “இவந்தேன் அவன்! அவனேதான் இவன்!” என்று கத்திவிட்டாள்.

கொட்டகை முழுக்க ஒரே சத்தம். மலைக்கள்ளன் யார் என்பதுதானே கதையின் முடிச்சு! ஆண்கள் பக்கமிருந்து ஒருவர், “ஏனுங்காத்தா, நாங்க காசு குடுத்து வந்திருக்கோமுங்க” என்று கும்பிட்டார். அம்மிச்சி விடவில்லை. “நானுந்தான் காசு குடுத்து வந்தேன். என்ற பேரன் ஒரு மாசம் படிச்சுக் காட்டுனானாக்கும்!” என்றாள். அதோடு உட்கார்ந்தாளா? பாட்டு வரும்போதெல்லாம், “இது புஸ்தகத்துல இல்ல” என்றாள். சண்டை வந்தால், “இத்தன நேரம் அடிச்சுக்கல” என்றாள். ரீல் மாற்றுகிற நேரத்தில் அக்கம் பக்கத்தில் இருந்தவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “அப்ப புஸ்தகத்துல எப்படீங்காத்தா வருது?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் விட்ட இடத்திலிருந்து சொன்னாள். முறுக்கு விற்கிற பையன் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டான். படம் முடிந்து வண்டியில் வரும்போது அவள் சொன்ன தீர்ப்பு இது: “படம் நல்லாத்தேன் இருக்குது. ஆனா எனக்குள்ள ஓடுச்சே ஒரு படம், அதுல அந்தப் புள்ள பூங்கோதை இன்னுங் கொஞ்சம் கருப்பு.”

திரைப்பட விமர்சனம் என்று நான் எத்தனையோ படித்துவிட்டேன். இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. படிக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூங்கோதை உண்டு. படம் வந்ததும் பானுமதி ஒருவர்தான் பூங்கோதை. அதில் லாபமும் இருக்கிறது, நட்டமும் இருக்கிறது.

இந்த மலைக்கள்ளன் முழுக்க முழுக்க நம் மண்ணின் சரக்கு. எழுதியவர் மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. படம் பிடித்தவர் கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு. வசனம் கலைஞர் மு. கருணாநிதி. 1954-இல் வெளிவந்து, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் என்று பெயர் எடுத்தது. அதே நாயுடு மறு வருஷமே திலீப்குமாரையும் மீனாகுமாரியையும் வைத்து ஹிந்தியில் ‘ஆசாத்’ எடுத்தார். தெலுங்கு, மலையாளம், கன்னடம், கடல் தாண்டிச் சிங்களம் வரை அந்தக் கதை போனது. நாமக்கல் ஏட்டில் காய்த்த சுரைக்காய் ஆறு மொழியில் கறியாகியிருக்கிறது, அப்பா!

‘பொன்னியின் செல்வன்’ பற்றிப் பேசாமல் போனால் இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். கல்கி 1950-லிருந்து மூன்றரை வருஷம் வாரா வாரம் எழுதியது, ஐந்து பாகம். 2022-லும் 2023-லும் இரண்டு படமாக வந்தது. நாவல் ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையை மெதுவாக விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறான். பவானி கூடுதுறையில் பதினெட்டாம் பெருக்குக்கு முங்கி எழுந்த நமக்கு அந்தப் பக்கங்கள் சொந்த ஊர் மாதிரி. படமோ போரில் தொடங்குகிறது. எனக்கு அது குறைதான். வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு ஏரிக்கரையில் நிற்க நேரம் இருந்தது, இரண்டே படத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டியவருக்கு இல்லை. அவ்வளவுதான்.

இன்னொன்று. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், குண்டூர்ப் பக்கம் போலீஸ் காவலில் தான் பட்ட அடியை ‘லாக்கப்’ என்று எழுதினார். வெற்றிமாறன் 2015-இல் அதை ‘விசாரணை’ ஆக்கினார். வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது, இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் போனது. படத்தின் பின்பாதி அந்த நூலில் இல்லை, இயக்குநர் சேர்த்தது. என் அம்மிச்சி இருந்திருந்தால், “இது புஸ்தகத்துல இல்ல” என்று எழுந்திருப்பாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன். அடி வாங்கியவன் தன் உடம்புக்குத் தெரிந்ததை எழுதினான். அடிக்கிறவனுக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று படம் தேடிப் போனது. மூலத்துக்குத் துரோகம் இல்லை அது. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ என்ற சிறுகதை ‘சேத்துமான்’ என்ற படமாகி 2022-இல் வந்ததே, அதையும் தேடிப் பாருங்கள். நம் பேச்சு நம் வாயில் வருகிற மாதிரியே வரும்.

சரி, காமிக்ஸ். கண்ணுகளே, இது உங்களுக்கு. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிரிட்டனில் 1962-இல் பிறந்த கதை அது. நாங்கள் அவரை ஈரோட்டுக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்! வயலில் ஒளிந்து படித்து, பத்து பேர் கை மாறி, அட்டை போய், நடுப்பக்கம் போய், கடைசியில் மாயாவியே மறைந்துபோவார்.

இந்த மாயாவியைப் படமாக எடுக்க ஆசைப்படுவதாகச் சொன்னவர் யார்? கிணத்துக்கடவுக்காரர் லோகேஷ் கனகராஜ். காமிக்ஸில் ஓர் ஆளை மறைய வைக்க, ஓவியர் கோட்டைப் போடாமல் விட்டால் போதும். சினிமாவில் அதற்கு எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு பணம்! ஆனாலும் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த வெள்ளை இடம் இருக்கிறதே, அங்கேதான் கை வீசுகிறது, கதவு உடைகிறது, குண்டு பாய்கிறது. அதை வரைந்தது ஓவியர் இல்லை, படிக்கிற பிள்ளை. அந்த வேலையைச் சினிமா பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்டைப் படித்துவிட்டு, சினிமாவைப் பார்த்துத்தான் காமிக்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். நாவல் 1953, லண்டன் பத்திரிகையில் படக்கதை 1958, முதல் சினிமா 1962. காமிக்ஸ்தான் முந்தி!

நாடகத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனி நாடகங்களைப் படமாக்கிய கதை ஒன்றே ஒரு ராத்திரிக்குத் தாங்கும். ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் வந்த காரியத்துக்கு வந்துவிடுகிறேன்.

அம்மிச்சிக்கு நான் படித்துக் காட்டிய மலைக்கள்ளன் நம் கிளை நூலகத்துப் புத்தகம். போன மாசம் அதைத் தேடிப் போனேன். இல்லை. ‘லாக்கப்’ இல்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் நம் கொங்குப் பேச்சில் எழுதிய ‘நாகம்மாள்’கூட இல்லை. காமிக்ஸுக்கு ஓர் அலமாரியும் இல்லை. நூலகம் மதியத்தோடு மூடிவிடுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

1948-இல் இந்த மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் அவர்கள். நம் ஆள்! வீட்டுக்குப் போய் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஏட்டையே பூட்டி வைத்துவிட்டு, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றால் எப்படிங்க?

தலைவர் அம்மா அவர்களே, நாங்கள் கேட்பது மூன்றே. இரவு எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும். காமிக்ஸுக்கு ஓர் அலமாரி வேண்டும். மாசம் ஒரு சனிக்கிழமை, புத்தகத்தைப் பத்து நாள் முன்னால் கொடுத்துவிட்டு, அதிலிருந்து எடுத்த படத்தை நூலக வாசலில் போட்டுக் காட்ட அனுமதி வேண்டும். அலமாரியை நானே செய்து தருகிறேன். தச்சரிடம் பேசி, வேப்பம் பலகைக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. எனக்குச் சால்வை வேண்டாம் என்று சொல்லியும் போர்த்திவிட்டீர்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் காசுக்கு ஒரு ‘மலைக்கள்ளன்’ வாங்கிக் கொடுங்கள், கொண்டுபோய் நூலகத்தில் வைக்கிறேன்.

மனு வாசல் பக்கத்து மேஜையில் இருக்கிறது. காப்பி கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மிச்சிகள் வந்திருந்தால் ரேகை வைக்க மசி டப்பாவும் இருக்கிறது. போட்டுவிட்டுப் போங்கள். வணக்கமுங்க.