முந்தியா, பிந்தியா?

அம்மாப்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் போன ஞாயிற்றுக்கிழமை பேசியது இது. வர முடியாதவர்கள் கேட்டதால் பேசிய மாதிரியே எழுதியிருக்கிறேன், கணக்கு வரும் இடங்களை மட்டும் கொஞ்சம் நிதானமாக.

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு சின்ன வேலை. இந்த மேசையைச் சீராகத் தட்டப் போகிறேன், நொடிக்கு இரண்டு தட்டு. நாலு தட்டு சும்மா கேளுங்கள், ஐந்தாவதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு என்னோடு சேர்ந்து கை தட்டுங்கள்.

சரி, போதும். இப்போது செய்ததை யோசித்துப் பாருங்கள். சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கையை அசைப்பது என்றிருந்தால், எவ்வளவு சுறுசுறுப்பான ஆளுக்கும் 140, 150 மில்லிசெகண்டாவது பிடிக்கும், நொடியில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது என் தட்டுக்குப் பின்னால் உங்கள் தட்டு எதிரொலி மாதிரி தனியாகக் கேட்டிருக்கும். கேட்கவில்லை. அடுத்த தட்டு எங்கே விழும் என்று தெரிந்து முன்கூட்டியே கையைக் கிளப்பிவிட்டீர்கள். ஏற்காட்டுக்கு பஸ் ஓட்டுகிறவர் 20 கொண்டை ஊசி வளைவிலும் செய்வது இதுதான், வளைவு வந்த பிறகு அவர் யோசிப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் கருவியோடு சேர்ந்து விரலால் தட்டச் சொல்லி அளந்து பார்த்தால், பெரும்பாலானவர்கள் சத்தத்துக்குச் சில பத்து மில்லிசெகண்ட் முன்னாலேயே தட்டிவிடுகிறார்கள். தட்டியவரைக் கேட்டால் சரியாகச் சேர்ந்துதான் விழுந்தது என்பார், அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் கேட்கிறது. இசை பழகியவர்களிடம் இந்த முந்துதல் குறைவு. ஆக, நமக்குச் சரி என்று தோன்றும் இடமும் கடிகாரம் சொல்லும் இடமும் ஒன்றல்ல. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நமக்குக் காட்டித் தருவதற்கென்றே செய்த விளையாட்டு ஒன்று உண்டு, ரிதம் கேம். இன்றைக்கு என் பேச்சு அதைப் பற்றித்தான்.

தெரியாதவர்களுக்காக: பாட்டு ஓடும், திரையில் குறிகள் ஒரு கோட்டை நோக்கி வரும், குறி கோட்டைத் தொடும் நேரத்தில் பட்டனையோ திரையையோ தட்ட வேண்டும், அவ்வளவுதான். 1996ல் ஜப்பானில் வந்த பராப்பா த ராப்பர், 1997ல் கொனாமி கம்பெனியின் பீட்மேனியா, 1998ல் காலால் மிதித்து ஆடும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், 2005ல் கிட்டார் ஹீரோ, 2007ல் இலவசமாகக் கிடைத்த ஒசு என்று வரிசையாக வந்தன. இன்றைக்கு இங்கே பிள்ளைகள் போனில் ஆடுவதெல்லாம் இவற்றின் வாரிசுகள்.

என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. பாட்டு வகுப்புக்குப் போகிறாள், தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு பாடினால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பாள். போன கோடை விடுமுறையில் போனில் ஒரு ரிதம் கேம் ஆட ஆரம்பித்தாள், பெயர் வேண்டாம். பத்து நாள் கழித்து என்னிடம் வந்து, "எனக்குத் தாளமே வராது மாமா, கேமே சொல்லிடுச்சு" என்றாள். பாட்டு வகுப்புக்கும் இனிமேல் போகவில்லை என்றாள். போனை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் 'பேட்', 'மிஸ்', 'பேட்', 'பேட்'. சிவப்பு எழுத்தில், நடுத்திரையில், ஒரு குழந்தையின் முகத்துக்கு நேராக. எனக்கு வந்த கோபத்தில்தான் இந்தப் பேச்சையே தயார் செய்தேன்.

அந்த எழுத்துகள் எப்படி முடிவாகின்றன என்று பார்ப்போம். பராப்பாவில் நாலு வார்த்தைகள், கூல், குட், பேட், ஆஃபுல். டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனில் பெர்ஃபெக்ட், கிரேட், குட், பூ, மிஸ். ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் ஒரு நேர எல்லை இருக்கிறது, ஆடுகிறவர்கள் டைமிங் விண்டோ என்பார்கள். ஒசுவில் இந்தக் கணக்கு யாரும் பார்க்கும்படி வெளிப்படையாகவே உள்ளது. பாட்டின் கடுமை எண் 8 என்றால், சரியான நேரத்துக்கு முன்னோ பின்னோ 32 மில்லிசெகண்டுக்குள் தட்டினால் 300, அதைத் தாண்டி 76க்குள் 100, 120க்குள் 50, அப்புறம் ஒன்றுமில்லை. கடுமை 10 ஆனால் அந்த 32, 20 ஆகச் சுருங்கும். கடைசியில் வாங்கியதைக் கூட்டி, எல்லாமே 300 ஆக இருந்தால் எவ்வளவு வருமோ அதால் வகுத்து, சதவீதமாகக் காட்டும்.

இதில் ஒரு வேடிக்கையான அநியாயம் இருக்கிறது. 31 மில்லிசெகண்ட் தப்பியவனுக்கும் துளிகூடத் தப்பாதவனுக்கும் ஒரே 300. ஆனால் 31 தப்பியவனுக்கு 300, 33 தப்பியவனுக்கு 100. கையில் இருக்கும் வித்தியாசம் இரண்டே மில்லிசெகண்ட், எந்த மனிதக் காதும் அதைப் பிரித்துச் சொல்லாது, மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. விண்டோ என்று ஒன்று வைத்தாலே அதற்கு ஓர் ஓரம் வந்துவிடும், ஓரத்தில் நிற்கிறவனுக்கு வலிக்கும். இதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது காம்போ. தொடர்ந்து தப்பாமல் தட்டினால் எண் ஏறிக்கொண்டே போகும், ஒரு தப்பு விழுந்தால் பூஜ்யம். பல கேம்களில் அடுத்த தட்டின் மதிப்பு அந்த எண்ணோடு சேர்ந்து பெருகும். 500 தட்டு உள்ள பாட்டு, முதல் தட்டுக்கு 1, இரண்டாவதற்கு 2, இப்படி 500 வரை என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். ஒன்றும் தப்பாமல் ஆடினால் மொத்தம் 1,25,250. இப்போது சரியாக நடுவில் ஒரே ஒரு தட்டைத் தவற விட்டால் ஏறக்குறைய 62,000. பாதி போச்சு! துல்லியம் எவ்வளவு என்று பாருங்கள், 500க்கு 499, 99.8 சதவீதம். அதே தப்பைக் கடைசித் தட்டில் செய்திருந்தால் வெறும் 500தான் குறைந்திருக்கும். தப்பு ஒன்றே, அது விழுந்த இடத்தைப் பொறுத்துத் தண்டனை மாறுகிறது. அரைமணி நேரத் தனி ஆவர்த்தனத்தில் நடுவே ஒரு சொல் பிசகினதற்காக வித்வானுக்குப் பாதிச் சம்பளம் என்று சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

பீட்மேனியா வகையில் இதற்கு நேர்மாறாக ஒன்று வைத்தார்கள். ஒரு அளவுக் கோல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பாட்டு முடியும் நேரத்தில் அது 80 சதவீதத்தில் நின்றால் பாஸ். நடுவில் விழுந்தாலும் கடைசிக்குள் எழுந்து வரலாம். பழகுகிறவர்களுக்கு இது எவ்வளவு ஆறுதல் என்பது ஆடிப் பார்த்தால் தெரியும். 2018ல் வந்த பீட் சேபரோ வேறு வழியில் போனது, எதிரே வரும் கட்டைகளைக் கையை வீசி வாளால் வெட்டும் விளையாட்டு அது, அதில் வெட்டிய நேரத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. வெட்டுக்கு முன்னே கை எவ்வளவு வீசியது என்பதற்கு 70, பின்னே வீசியதற்கு 30, நடுவில் வெட்டியதற்கு 15, ஆக 115.

பரிசு இப்படி எப்படி வேண்டுமானாலும் கொடுக்கட்டும். நான் கேட்பது, பரிசு கொடுப்பது வேறு, சேதி சொல்வது வேறு, சேதியை ஒழுங்காகச் சொன்னாயா என்பதுதான்.

எங்கள் அப்பா குழித்தறி நெசவாளி, இங்கே பலருக்கு அவரைத் தெரியும். நான் தறியில் உட்கார்ந்து பழகிய நாட்களில் அவர் திண்ணையில் இருப்பார், துணியைப் பார்க்கவே மாட்டார். நாடா ஓடும் சத்தமும் அச்சு அடிக்கும் சத்தமும் மட்டும்தான் அவர் காதுக்குப் போகும். ஒரு அடி அவசரமாக விழுந்தால் "முந்தாதே" என்பார். தயங்கி விழுந்தால் "இழுக்காதே" என்பார். நல்லா இருக்கு, மோசமா இருக்கு என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. இந்த இரண்டு வார்த்தைகளை வைத்துத்தான் என் கை சரியானது. ஏனென்றால் அவை எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று சொல்கின்றன. 'பேட்' என்ற வார்த்தை எந்தப் பக்கம் திருத்தச் சொல்கிறது? முந்தியவன் இன்னும் முந்துவான், பிந்தியவன் இன்னும் பிந்துவான், இரண்டு பேருக்கும் மறுபடி 'பேட்' விழும். நம் சங்கீதத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது பாருங்கள். தாளம் தொடங்குமுன் பாட்டு எடுத்தால் அதீதம், தாளம் தொடங்கிய பின் எடுத்தால் அனாகதம், சேர்ந்தே எடுத்தால் சமம். முன்னுக்கு ஒரு சொல், பின்னுக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டார்கள்.

காதாலேயே சேதி சொன்ன கேம்களும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான். பீட்மேனியாவில் நீங்கள் தட்டும் பட்டனே பாட்டின் ஒரு ஓசையைக் கிளப்பும், பிந்தித் தட்டினால் பாட்டே பிந்திக் கேட்கும், எழுத்தைப் படிக்க வேண்டியதே இல்லை. கிட்டார் ஹீரோவில் தவற விட்டால் அந்த கிட்டார் ஒலி மட்டும் அறுந்துபோகும். அப்பா திண்ணையில் கேட்டதற்கு நெருக்கமான விஷயம் இது.

கண்ணால் பார்ப்பதற்கு ஒசுவில் உள்ள பட்டையைப் போல நேர்மையான ஒன்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. திரையின் அடியில் ஒரு கிடைக்கோடு, நடுவில் சரியான நேரம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் கீறல் விழும், முந்தினால் இடப்பக்கம், பிந்தினால் வலப்பக்கம், எவ்வளவு தள்ளியோ அவ்வளவு தள்ளி. பாட்டு முடிந்ததும் இரண்டு சேதி கிடைக்கும். ஒன்று, சராசரியாக எந்தப் பக்கம், எத்தனை மில்லிசெகண்ட் சாய்ந்திருக்கிறீர்கள். இன்னொன்று, கீறல்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன. அதற்கு அன்ஸ்டேபிள் ரேட் என்று பெயர், தட்டுகள் சராசரியை விட்டு எவ்வளவு விலகிச் சிதறுகின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்தைப் பத்தால் பெருக்கி வரும் எண், 100 என்றால் திட்ட விலக்கம் 10 மில்லிசெகண்ட். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிதறல் அதிகம் என்றால் கை இன்னும் பழக வேண்டும். சிதறல் குறைவாக இருந்து எல்லாமே மொத்தமாக ஒரு பக்கம் தள்ளி விழுந்தால், கையைச் சந்தேகிக்காதீர்கள், நடுவில் இருக்கும் கருவியைப் பாருங்கள்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் பம்பைக்காரரிடமிருந்து முப்பது மீட்டர் தள்ளி நின்று பார்த்திருப்பீர்கள். குச்சி விழுவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம் வரும். சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட், முப்பது மீட்டருக்கு 90. அவ்வளவு தள்ளி நின்று ஒசு ஆடினால் கடுமை 8ல் உங்களுக்கு 50தான். இப்போது புளூடூத் இயர்போனை எடுத்துக்கொள்ளுங்கள். போன் சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, இயர்போன் அதை விரித்துக் காதில் போடுவதற்குள் 100, 200 மில்லிசெகண்ட் போவது சர்வசாதாரணம். சினிமா பார்க்கும்போது போனே படத்தையும் அதே அளவு தாமதித்துச் சரிக்கட்டிவிடும், அதனால் நமக்குத் தெரிவதில்லை. கேமில் அப்படிச் சரிக்கட்ட முடியாது, விரல் தட்டுவது நிஜ நேரத்தில்.

அக்கா மகளை என் லேப்டாப் முன்னால் உட்கார வைத்தேன், அவளுடைய அதே புளூடூத் இயர்போனோடு, ஒசுவில் சுலபமான ஒரு பாட்டு. துல்லியம் 30 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது. கீழே பட்டையைப் பார்க்கச் சொன்னேன். கீறல்கள் எல்லாம் நடுவுக்கு வலப்பக்கம், நூறு மில்லிசெகண்டுக்கும் கொஞ்சம் அப்பால், நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய மாதிரி. சிதறல் பல வருஷம் ஆடிய எனக்கு வருவதைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை! இயர்போனைக் கழற்றி வயர் இயர்போன் மாட்டினேன். அதே பாட்டு, அதே விரல், துல்லியம் 90ஐத் தாண்டியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரையைப் பார்த்து மட்டும் தட்டுகிற பிள்ளைக்கு இந்தத் தாமதம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, படம் நேரத்துக்குத்தான் வருகிறது. காதால் கேட்டுத் தட்டுகிற பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். பாட்டைக் கவனமாகக் கேட்டவளைத்தான் அந்த கேம் தாளம் தெரியாதவள் என்றது. "அப்புறம் ஏன் மாமா அது என்னைத் திட்டுச்சு?" என்று கேட்டாள். அந்த கேமுக்கு எதுவும் தெரியாது, தாமதத்தை அளக்க அதில் ஒரு வசதியும் வைத்திருக்கிறார்கள், ஆனால் நாலு மெனு தள்ளி, ஒரு குழந்தை தேடிப் போகாத இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

பின் வரிசையில் கம்ப்யூட்டர் படிக்கிற தம்பிகள் இருக்கிறீர்கள், கேம் செய்து பார்க்கப் போகிறோம் என்று சொன்னீர்கள். செய்தால், முதல் பாட்டு ஓடும் முன்பே பத்துத் தட்டு தட்டச் சொல்லித் தாமதத்தை அளந்துவிடுங்கள், காதில் மாட்டியிருப்பது மாறினால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 'பேட்' என்று எழுத நினைக்கிற இடத்தில் முந்தியது, பிந்தியது என்று எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்.

லேப்டாப் அந்த மூலை மேசையில் இருக்கிறது, இரண்டு வயர் இயர்போனும் என் புளூடூத் ஒன்றும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரே பாட்டை இரண்டிலும் ஆடிப் பாருங்கள், மதிப்பெண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, கீழே உள்ள பட்டையை மட்டும் பாருங்கள். பெரியவர்கள் முதலில் வாருங்கள், நெசவு செய்த கைகள் எப்படி விழுகின்றன என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.